நைல் நதியில் ஒரு துடக்கு

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் யாருக்கோ கலியாணம் என்று அர்த்தம். லண்டனுக்குப் போனது மச்சாளின் கலியாணத்துக்கு. பாரிஸுக்குப் போனது யாரோ ஒரு பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீட்டுக்கு. நயாகராவைப் பார்த்தது மண்டபத்துக்குப் போகிற வழியில், சேலை கசங்கிவிடும் என்று காரை விட்டு இறங்காமலே. சுவிஸில் ஊஸ்டர் என்ற சின்ன நகரத்தில் பிறந்து, சூரிச்சில் கட்டடப் பொறியியல் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, சொந்தக்காரர் ஒருவருமே இல்லாத நாடு ஒன்றுக்கு அம்மா அப்பாவோடு போய்வர வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எகிப்தில் எங்களுக்கு யாரும் இல்லை. அம்மா எல்லாப் பக்கமும் விசாரித்துப் பார்த்தும் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொரு காரணம் அபு சிம்பெல். மலையைக் குடைந்து செய்த கோயில் அது. நைலுக்குக் குறுக்கே அணை கட்டியபோது, தண்ணீருக்குள் போய்விடும் என்று அதைத் துண்டு துண்டாக ஈர்வாளால் அரிந்து, மேட்டில் ஏற்றி, முன்பு இருந்தபடியே பொருத்தி, பின்னால் ஒரு செயற்கை மலையும் கட்டி வைத்தார்கள். ராம்செஸ் மன்னனின் முகம் மட்டும் கிரேனில் தொங்குகிற படத்தை ஒரு விரிவுரையில் பார்த்தேன். அன்றிலிருந்து வீட்டில் அதே கதைதான். அம்மா "ஓம், ஓம்" என்று கேட்டபடி பருப்புக் கடைவார். அப்பா, "அறுக்கேக்கை உடையாதோ?" என்று ஒருமுறை கேட்டார். அதற்கு நான் கொடுத்த விளக்கத்துக்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

லக்சோரில் கப்பல் ஏறினோம். எங்கள் குழுவில் மிச்சம் எல்லோரும் ஓய்வுபெற்ற சுவிஸ்காரர்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரி மலையேறும் தடி இருந்தது. எகிப்தில் எந்த மலையில் ஏறப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் தயாராக இருந்தார்கள். அவர்களில் விண்டர்தூரைச் சேர்ந்த ஃபிராவ், அதாவது திருமதி, கெல்லர் முதல் நாளே எங்களோடு ஒட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், எதையும் கேட்காமல் விடமாட்டார்.

வழிகாட்டியின் பெயர் ஹானி. சுத்தமான புத்தக ஜேர்மன் பேசுவார். எங்களை "என் குடும்பமே" என்று கூப்பிடுவார். அம்மா ஊஸ்டரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கிற இடத்தில் வேலை செய்கிறார், ஆகவே அவருடைய சுவிஸ் ஜேர்மன் முழுக்க முழுக்க ஏழு வயதுப் பிள்ளையோடு கதைக்கிற பாஷை. அதில் ஹானிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அம்மாவின் ஜேர்மனை நான் ஹானிக்கு ஜேர்மனில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அதுவும், "கைகழுவிப்போட்டு வந்து இரு" என்ற தொனியைக் கொஞ்சம் குறைத்து.

அடுத்த நாள் காலை, மன்னர்களின் கல்லறைகளைப் பார்க்கப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அப்பாவின் கைபேசி அடித்தது. கனடாவில் இருந்த பெரியப்பா காலமாகிவிட்டார். அப்பாவுக்கே அவர் ஒன்றுவிட்ட பெரியப்பா, தொண்ணூறு தாண்டியவர். நான் அவரைக் கண்டது கலியாண வீடுகளில், யாரோ நீட்டிய கைபேசித் திரையில். அதிலும் நெற்றி மட்டும்தான் தெரியும். அப்பா யன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டங்களைப் பார்த்தார். "நல்ல மனுசன்," என்றார். பிறகு, "வருத்தமெண்டு பாயிலை கிடக்கேல்லை," என்றார்.

அம்மா அதற்குள் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார். அப்பாவின் வழியில் ஆண்பக்கத்து உறவு. ஆகவே எங்கள் மூவருக்கும் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் ஒன்றும் தின்னக் கூடாது. பெரியப்பா அப்பாவுடையவர்தான், ஆனால் துடக்கு எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாவின் இலாகா.

நான் பயண ஒழுங்கைக் கைபேசியில் திறந்து பார்த்தேன். கர்னாக் கோயில், எட்ஃபு கோயில், கொம் ஓம்போ கோயில், ஃபிலே கோயில், கடைசியில் அபு சிம்பெல் கோயில்.

"அம்மா, இதெல்லாம் சும்மா பேருக்குத்தான் கோயில். இடிஞ்ச கட்டடம்."

"பிறகேன் நீ ஆறு மாசமாக் கோயில், கோயில் எண்டு சொன்னனி?"

ஆனால் கல்லறைகளுக்குத் தடையில்லை. சொல்லப்போனால், அன்று அந்தப் பள்ளத்தாக்கில் அம்மாவைப் போல உற்சாகமாக ஒருவரும் இருக்கவில்லை. சாதாரண நாளில் என்றால் பிணம் இருந்த இடத்துக்குள் கால் வைத்திருக்கவே மாட்டார். "இப்ப எப்பிடியும் துடக்குத்தானே," என்று சொல்லி ஒவ்வொரு சுரங்கத்துக்குள்ளும் முதல் ஆளாக இறங்கினார். சுவரில் வரிசையாகப் பலகாரம், பூ, வாத்து எல்லாம் தூக்கிக்கொண்டு போகிற ஆட்களைப் பார்த்து, செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்கு இவ்வளவும் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டினார். கப்பலுக்குத் திரும்பியதும் நாங்கள் மூவரும் ஒன்றுக்கும் கை வைக்காமல் நேரே போய்த் தலை முழுகினோம். அறைக்குத் துவாய் கொண்டுவரும் பையன் அன்று மூன்று தரம் வர வேண்டியிருந்தது.

மத்தியானம் கர்னாக். எகிப்தின் மிகப் பெரிய கோயில். அதன் வாசலுக்கு எதிரே இருந்த கடையொன்றின் நிழலில் நாங்கள் மூவரும் வரிசையாக இருந்து செம்பருத்தித் தேநீர் குடித்தோம். தூண்களின் நுனி மட்டும் மதிலுக்கு மேலால் தெரிந்தது. "நீ போறதெண்டால் போ," என்றார் அம்மா. இந்த வாக்கியத்துக்கு எந்தத் தமிழ் வீட்டிலும் ஒரே கருத்துத்தான். நான் போகவில்லை.

ஹானி பதறிவிட்டார். முப்பது பேரை உள்ளே அழைத்துப்போனவர் திரும்ப ஓடிவந்து, என்ன குறை, பஸ் குளிரா, சாப்பாடு சரியில்லையா என்று கேட்டார். நான் விளக்கினேன். அவருக்கு உடனே முகம் தெளிந்தது. "மேடம், கவலையே வேண்டாம். இங்கே இரண்டாயிரம் வருடமாகக் கடவுள்கள் இல்லை."

அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "ஆர் சொன்னது அவை போயிட்டினம் எண்டு?" என்று கேட்டார். அதை நான் ஹானிக்குச் சொன்னேன். அவர் தானும் ஒரு தேநீர் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் இருந்துவிட்டார்.

இரவுச் சாப்பாட்டில்தான் அப்பாவின் துக்கம் முழுசாக வெளியே வந்தது. அப்பா சுவிஸுக்கு வந்த காலத்தில் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியவர். இப்போது ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல். வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்னொருவர் சமைத்து அடுக்கிய நீளமான மேசை ஒன்றுக்கு முன்னால் தட்டோடு நிற்கிறார். ஆட்டிறைச்சி, வாத்து, வாட்டிய மீன் என்று ஆவி பறக்கிறது. அவற்றையெல்லாம் மெதுவாகக் கடந்து போய், அவித்த கத்தரிக்காய் இரண்டை எடுத்துக்கொண்டு வந்தார். "பெரியப்பா இருந்திருந்தால் தின்னடா எண்டுதான் சொல்லியிருப்பார்," என்றார் மெல்ல. அம்மா தன்னுடைய பயற்றம் அப்பத்தில் ஒன்றை அவருடைய தட்டில் வைத்தார். வடை மாதிரிப் பொரித்து வைத்திருந்த ஃபெலாஃபெலுக்கு அம்மா வைத்த பெயர் அது.

ஐயரைக் கேட்போம் என்ற யோசனை என்னுடையது. கப்பலில் இணைப்புக் கிடைக்கிற ஒரே இடம் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், நரித்தலை வைத்த பிளாஸ்டர் சிலையின் காலடி. மூவரும் அங்கே போய்க் குந்தினோம். சுவிஸில் எங்கள் கோயில் ஐயர் உடனே எடுத்தார். போத்தல் கொட்டுகிற இடத்தில் நிற்பதாகவும், பின்னால் ஆட்கள் நிற்பதால் கொட்டிக்கொண்டே கதைக்கிறேன் என்றும் சொன்னார். சுவிஸில் வெள்ளைக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி, மண்ணிறக் கண்ணாடி எல்லாவற்றையும் பிரித்துத்தான் போட வேண்டும். அன்றைய சாஸ்திர விசாரணை முழுவதும் போத்தல் உடைகிற சத்தத்தோடு நடந்தது.

பூசை நடக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். டமார். விளக்கு? மின்சார விளக்கு மட்டும். டமார், டமார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூலஸ்தானத்திலை மூலவர் இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

நான் படித்துவைத்திருந்தேன். எட்ஃபுவில் வெறும் கருங்கல் மாடம். கொம் ஓம்போவில் இரண்டு மூலஸ்தானம், இரண்டும் காலி. ஃபிலேயில் பீடம் மட்டும்.

"மூலவர் இல்லையெண்டால் அது மண்டபம்தான் அம்மா. பாக்கலாம். கும்பிடாமல் பாருங்கோ," என்றார் ஐயர். பச்சைப் போத்தலை வெள்ளையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது, பின்னால் யாரோ ஜேர்மனில் ஏசுவது கேட்டது. இணைப்பு நின்றது.

அந்த நிமிடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் சந்தோஷம் வந்தால் எனக்குத் தகவல் சொல்லாமல் இருக்கத் தெரியாது. "அபு சிம்பெல் மட்டும்தான் வித்தியாசம். அங்கை மூலஸ்தானத்திலை நாலு சாமியும் அப்பிடியே இருக்கினம்," என்றேன்.

அம்மா எழுந்து சேலைத் தலைப்பை உதறினார். "நாலு மூலவரோ," என்றார். "அப்ப அது சரிவராது."

கப்பல் நகர்ந்தது. எஸ்னாவில் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றியிறக்குகிற நீர்ப்பூட்டு ஒன்று இருக்கிறது. அங்கே வரிசையில் நின்றபோது சின்னச் சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து கப்பலைச் சூழ்ந்தார்கள். கீழேயிருந்தபடியே சட்டைகளைப் பையில் போட்டு மேல்தளத்துக்கு எறிவார்கள். பிடித்தவர் காசைப் பையில் போட்டுத் திருப்பி எறிய வேண்டும். சுவிஸ்காரர்கள் குடைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். அம்மா மட்டும் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்து, சூரிச் தமிழ்க் கடையில் கத்தரிக்காய்க்குப் பேசுவதுபோலத் தமிழிலேயே விலை பேசினார். கீழே இருந்தவர் அரபியில் பேசினார். இருவருக்கும் எல்லாம் விளங்கியது. ஃபிராவ் கெல்லருக்கு நீலத்தில் ஒரு மேசைவிரிப்பு வந்துசேர்ந்தது. அதை அவர் கேட்கவேயில்லை, ஆனால் விலை மிக நல்ல விலை என்று அம்மா சொன்னதால் வாங்கிக்கொண்டார்.

எட்ஃபுவில் கோயிலுக்குக் குதிரை வண்டி. எங்கள் குதிரை பாதி வழியில் ஒரு கரும்புச் சாற்றுக் கடைக்கு முன்னால் நின்றுவிட்டது. வண்டிக்காரர் கெஞ்சினார், திட்டினார், இறங்கி அதன் காதில் ஏதோ சொன்னார். அது அசையவில்லை. ஊஸ்டரில் ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள், காரணமும் சொல்வார்கள். இங்கே காரணம் எங்களுக்கு முன்னால் நின்று கரும்புச் சக்கையை மென்றுகொண்டிருந்தது. அப்பா இறங்கி எல்லோருக்கும் சாறு வாங்கினார், குதிரைக்கும் ஒரு துண்டுக் கரும்பு. பிறகுதான் அது நடந்தது.

எட்ஃபு கோயிலில் அம்மா நேரே மூலஸ்தானத்துக்குப் போய், ஐயர் சொன்னதைச் சரிபார்த்தார். கருங்கல் மாடத்துக்குள் தலையை நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்தார். "ஓம், ஒருத்தரும் இல்லை," என்றார். அதன் பிறகுதான் எங்களுக்குச் சுவர்களைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கொம் ஓம்போவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதப்படுத்திய முதலைகளை வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்ததற்கும் முழுக வேண்டுமா என்று அப்பா கேட்டார். அது விளையாட்டா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மூவரும் முழுகினோம்.

ஆனால் எனக்கு ஒன்றும் முழுசாகச் சந்தோஷமாக இருக்கவில்லை. அஸ்வான் நெருங்க நெருங்க அபு சிம்பெலும் நெருங்கியது. தனியே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்தான். அம்மா கடை நிழலில் பைகளைக் காவல் காத்துக்கொண்டிருப்பார். வாழ்க்கையில் முதல் தடவை யாருடைய கலியாணமும் இல்லாமல் ஊர் பார்க்க வந்தவர். அந்தக் கல்லை நான் அவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன். அன்று இரவு மேல்தளத்தில் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தேன். "நாங்கள் செய்யிறதை ஒழுங்காச் செய்ய வேணும், பிள்ளை. அது அவையின்ர சாமியெண்டாலும்," என்றார்.

ஃபிலே ஒரு தீவு. மோட்டார்ப் படகில் போக வேண்டும். எங்கள் படகின் இயந்திரம் நடு ஆற்றில் இருமி இருமி நின்றது. படகோட்டி அதைக் கழற்ற, அப்பா கிட்டப் போய்க் குனிந்து பார்க்க, சுவிஸ்காரர்கள் பாதுகாப்பு அங்கிகளை எண்ண, ஹானி எல்லோரையும் அமைதிப்படுத்தப் பேசத் தொடங்கினார். இந்தக் கோயில் முதலில் இந்தத் தீவில் இருக்கவில்லை, அதோ தெரிகிற இடத்தில் தண்ணீருக்குள் நின்றது, கல் கல்லாகக் கழற்றி இங்கே கொண்டுவந்து கட்டினார்கள், நாளைக்குப் பார்க்கப்போகிற அபு சிம்பெலும் அப்படித்தான் என்றார்.

ஜேர்மன் விளக்கங்களுக்குத் தூங்குகிற பழக்கமுள்ள அம்மா கண்ணைத் திறந்தார்.

"கோயிலை இடம் மாத்தினவையோ?"

"அம்மா, நான் ஆறு மாசமா இதைத்தானே சொன்னனான்."

"நீ கிரேன் எண்டும் சீமெந்து எண்டும் சொன்னனி. கோயிலை இடம் மாத்தினதெண்டு எப்ப சொன்னனி?" என்றார். பிறகு நிமிர்ந்து இருந்துகொண்டு, "அவரைக் கேள். திரும்ப வைக்கேக்கை கும்பாபிஷேகம் செய்தவையோ?"

கேள்வி எங்கே போகிறது என்று எனக்கு உடனே விளங்கியது. எங்கள் கோயில் முன்பு ஒரு தச்சுப் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கிருந்து தொழிற்பேட்டையில் டயர் கடைக்குப் பக்கத்து மண்டபத்துக்கு மாறியபோது, கும்பாபிஷேகம் நடக்கும்வரை அது வெறும் மண்டபம்தான். இப்போது பிள்ளையார் இருக்கிற அதே இடத்தில் நின்று பெயின்ட் அடிக்கிறவர் தொத்திறைச்சி பாண் சாப்பிட்டார். அம்மா உட்பட ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஹானியிடம் கேட்டேன். கோயிலை மேலே கொண்டுவந்து வைத்த பிறகு, சாமிகளுக்கு ஏதாவது சடங்கு நடந்ததா? நீராட்டி, மந்திரம் சொல்லி?

ஹானிக்கு அம்மாவை மூன்று நாளாகத் தெரியும். பக்தியுள்ள பெண், கோயிலுக்கு மரியாதை கொடுக்கிறவர், அவர் மனம் நோகக் கூடாது. அவர் அன்பாகச் சிரித்தார். "ஓ, பெரிய விழா நடந்தது, மேடம். மிகப் பெரிய விழா. எல்லா நாட்டிலிருந்தும் வந்தார்கள்."

அம்மாவுக்கு விழா என்ற சொல் விளங்கிவிட்டது. முகம் சுருங்கியது. எனக்கு ஹானியை ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது. மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் வந்தது? ஐயர்மாரோ?"

பூசாரிகள் வந்தார்களா என்று கேட்டேன். ஹானி இன்னும் அன்பாக, இருந்திருக்கலாம், நிச்சயம் யாராவது ஆசீர்வதித்திருப்பார்கள் என்று தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து ஃபிராவ் கெல்லர், வகுப்பில் கதைக்கிற பிள்ளையைப் பிடித்த குரலில், "ஹானி, தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார்.

ஹானி தொப்பியைக் கழற்றினார். மிகவும் வருத்தத்தோடு உண்மையைச் சொன்னார். பூசாரிகள் யாரும் வரவில்லை. அந்த மதத்தில் பூசாரி என்று இப்போது ஒருவரும் இல்லை. வந்தவர்கள் மந்திரிகளும் பொறியியலாளர்களும்தான். சாமிகளுக்கு நீராட்டவில்லை, கல்லில் பிசின் ஏற்றினார்கள். மந்திரம் சொல்லவில்லை, பேச்சுத்தான் பேசினார்கள். "மன்னித்துக்கொள்ளுங்கள், மேடம்," என்று முடித்தார்.

நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அப்ப பிறகென்ன?" என்றார். "கும்பாபிஷேகம் செய்யேல்லையெண்டால் அது கோயிலில்லை. இருக்கிறது சிலைதான். பாக்கலாம்."

சாமிகளுக்கு ஒரு சடங்கும் நடக்கவில்லை என்ற சோகச் செய்தியைக் கேட்டு ஒரு குடும்பம் ஏன் இப்படிக் கட்டிப்பிடிக்கிறது என்று ஹானிக்கு விளங்கவேயில்லை. அந்த நேரம் பார்த்து இயந்திரமும் ஓடத் தொடங்கியது. அது அப்பா ஏதோ வயரைத் தொட்டதாலா, தானாகவா என்பதில் அப்பாவுக்கு மட்டும் சந்தேகமில்லை.

மறுநாள் விடிய முன்னர் புறப்பட்ட பஸ் பாலைவனத்துக்கூடாகப் போனது. கப்பலில் கட்டித்தந்த காலைச் சாப்பாட்டுப் பெட்டியில் முட்டை இருந்தது. அப்பா அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு ஃபிராவ் கெல்லரிடம் கொடுத்தார்.

அபு சிம்பெலின் நான்கு பெரிய ராம்செஸ்களையும் கண்டபோது நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நிறையச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அப்பா கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அரிந்த கோடுகளைத் தேடித் தேடிக் காட்டினேன். அவற்றில் ஒன்றை அப்பா கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். "கேக் வெட்டினாலே பொருந்தாது," என்றார். அவர் வாயிலிருந்து வருகிற மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

உள்ளே வழிகாட்டிகள் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். ஹானி வாசலில் நின்றுவிட்டார். உயர்ந்த தூண்களுக்கு நடுவால் போகப் போகக் கூரை தாழ்ந்து, சுவர்கள் நெருங்கி, வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் அம்மாவின் காதில் மெல்லச் சொல்லிக்கொண்டே போனேன். இந்தக் கல் இவ்வளவு எடை, இதற்குப் பின்னால் வெறும் சீமெந்துக் கூடு, மலையே பொய். அம்மா "ஓம், ஓம்" என்றார்.

கடைசியில் அந்தச் சின்ன அறை. நாலு பேரும் தோளோடு தோள் சேர்ந்து இருட்டுக்குள் இருந்தார்கள். முகம் தேய்ந்து போயிருந்தது. கை முழங்காலில். அங்கேயும் அரிந்த கோடுகளைத் தேட வேண்டும் என்று நினைத்தேன். தேடவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, என் கையில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது.

"கும்பிடாதை. துடக்கு."

பார்த்தால், என் இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்ந்திருந்தன. எப்போது சேர்ந்தன என்று எனக்கே தெரியாது.

"நீங்கதானே அம்மா சொன்னனீங்கள், இது கோயிலில்லையெண்டு."

அம்மா தன்னுடைய கைகள் இரண்டையும் கைப்பையின் வாரில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். போதும், போவம் என்று எனக்குக் கண்ணால் காட்டினார். பிறகு, நாலு பேருக்கும் முதுகைக் காட்டாமல், அடிமேல் அடியாகப் பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினார். அறையைத் தாண்டி, தாழ்ந்த கூரையைத் தாண்டி, தூண்களுக்கு நடுவே வந்தபோது, பின்னால் நின்ற ஃபிராவ் கெல்லரின் காலை மிதித்துவிட்டார்.

"எக்ஸ்கியூசி," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.